சீதபற்பநல்லூருக்கு ஒரு டிக்கெட்

'காரணம்' என்ற இடத்தில்
ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்,
என் நடுவிரல் நீளம்கூட இல்லை.
"குடும்பச் சூழ்நிலைன்னு எழுதும்மா,
எல்லாரும் அதத்தான் போடுதாவ" என்றார்
மறுசேர்க்கைப் பிரிவுக்காரர்,
டிபன் டப்பாவைத் திறந்தபடியே.

குடும்பம் ஒன்றும் செய்யவில்லை.
அப்பா நயினார்குளம் மார்க்கெட்டில்
ரெண்டு மணிக்குத் தக்காளிப் பெட்டி இறக்கப் போய்
ஏழு மணிக்கு என் பஸ் காசோடு வந்துகொண்டுதான் இருந்தார்.
நோட்டில் தக்காளிக் காம்பு வாசம் அடிக்கும்.

நடந்தது இவ்வளவுதான்:
மூன்றாம் செமஸ்டர், ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை,
அபிஷேகப்பட்டியில் பஸ் நின்றது.
எல்லோரும் இறங்கினார்கள்.
எனக்குக் கால் எழவில்லை.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.
சீதபற்பநல்லூருக்கு ஒரு டிக்கெட் என்றேன்.
அங்கே எனக்கு யாரையும் தெரியாது.
ஒரு டீ குடித்து
கல் லாரிகளை நாற்பது வரை எண்ணி
எதிர் பஸ்ஸில் திரும்பினேன்.
புதன்கிழமையும் அப்படியே.
வியாழன் ஆலங்குளம்.
அடுத்த வாரம் தென்காசியே வந்துவிட்டது,
நல்ல சாரல்.
நனைந்து வீடு சேர்ந்தவளிடம்
"லேப்ல தண்ணியக் கொட்டிட்டாவளா?" என்று அம்மா கேட்டாள்.
ஆமா என்றேன்.

இதை அந்தக் கோட்டுக்குள் எப்படி மடக்க?

பிறகு பத்து மாதம்
சமாதானபுரம் காஜா அண்ணன் ஜெராக்ஸ் கடை.
மெஷின் சூட்டில் வெளிவரும் தாள்கள்
அப்போதுதான் சுட்ட அப்பளம் மாதிரி இருக்கும்.
நான் படிக்காத பாடங்களையெல்லாம்
பக்கம் மாறாமல் அடுக்கிக் கொடுத்தேன்.

சித்திரையில் ஜெபரூபி வந்தாள்.
என் பெஞ்ச்.
புராஜெக்ட், நாலு காப்பி, கறுப்பு அட்டை.
தாமிரபரணித் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்:
குறுக்குத்துறையில் ஒரு புட்டி,
வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் ஒரு புட்டி.
"எப்படி இருக்க கோமு?"
"நல்லாருக்கேன்."
அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கில்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில்
தயோசல்பேட்டுக்கு முன்னால் ஒரு இரண்டைக் காணோம்.
தேடவில்லை நான்,
கூட்டத்தில் யாரோ என்னைப் பேர் சொல்லி அழைத்தது போல
அதுவாகத்தான் தெரிந்தது.

சொல்லவில்லை.
அட்டை போட்டேன். ஓரம் வெட்டினேன்.
பாக்கி இருபது ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி புரண்டுகொண்டே கிடந்தேன்.
குற்ற உணர்ச்சி என்றால் அது பாதிப் பொய்.
மீதிப் பாதி,
வெட்கமாக இருக்கிறது சொல்ல,
சந்தோஷம்.
எனக்கு இன்னும் தெரிகிறதே.

கோட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.

இப்போது வகுப்பில் நான் அக்கா.
வருகைப் பதிவேட்டில்
அச்சடித்த பேர்களுக்கெல்லாம் கீழே
பேனாவில் சேர்த்த பேர்.
பழைய ரெக்கார்டு நோட்டு செல்லாதாம்,
பாதியில் விட்ட மூன்றாம் சோதனை
புதுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் சோதனை.
பியூரெட்டைத் திறக்கும் விரலுக்கு
இன்னும் பழைய அவசரம்தான்.
நீலம் மறைய ஒரு துளி போதும் என்ற இடத்தில்
மூன்று துளி விழுந்துவிட்டது.
கொட்டிக் கழுவி மறுபடி நிரப்பினேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
அளவு ஒத்துவரும் வரை
எல்லோரும் திரும்பத் திரும்பத்தானே செய்கிறார்கள்.

ஜெபரூபி வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம்.
நம்பர் இருக்கிறது.
அவளுடைய இரண்டு இன்னும் என்னிடம்தான்.

காலை நான் நம்புவதில்லை இப்போதும்.
பேட்டை தாண்டியதுமே
சீட்டை விட்டு எழுந்து
படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுவிடுகிறேன்.
"இன்னும் தூரம் கெடக்குல்லா, உக்காரும்மா"
என்கிறார் கண்டக்டர்.
இருக்கட்டும் என்கிறேன்.